ஒன்பதாவது கேமராவின் காது

செப்டம்பர் 9, செவ்வாய். ஒரு தவறு செய்திருக்கிறேன். சின்னத் தவறு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதைச் சின்னது என்று சொல்ல நான் யார் என்றும் தோன்றுகிறது. போன புதன்கிழமை தக்காளியைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் வாசல் கேமராவுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்தேன். லாரி ஓட்டி வருபவர்கள் அலுவலகத்தோடு பேச வேண்டும் என்பதால் அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் ஒலி தேவை. பிறகு அதே அமைப்பை மற்ற கேமராக்களுக்கு நகல் எடுத்தேன். படத்துக்கு மட்டும் டிக் போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன். இன்று மாலை வகுப்பில் ஆசிரியர் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டியபோதுதான் உறைத்தது. இப்போது கொட்டகையில் உள்ள எல்லாக் கேமராக்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்பதாவது கேமரா தொழிலாளர்களின் சாப்பாட்டு அறையில் இருக்கிறது.

எழுதியதை லெய்மாஸ் மறுபடி படித்துப் பார்த்தாள். 'தவறு' என்பதை அடித்துவிட்டு 'கவனக்குறைவு' என்று போடலாமா என்று யோசித்தாள். அப்படிப் போட்டால் தன்னைத் தானே தப்பிக்க விடுவதுபோல் இருந்தது. அடிக்காமல் விட்டாள்.

போவன் என்ற இந்த ஆஸ்திரேலிய ஊருக்கு அவள் வந்தபோது ஆறு வயது. அம்மா பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் எஃபாத்தே தீவுக்காரி. இப்போது இருபத்திரண்டு வயதில் கிரெய்ம் என்பவரிடம் கேமரா மாட்டும் வேலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். கிரெய்ம், ஒரு வேன், இரண்டு ஏணி, லெய்மாஸ், இவ்வளவுதான் கம்பெனி. வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. வகுப்பு முடிந்து, செய்த வேலை நேரத்துக்குக் கிரெய்ம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமம் கிடைக்கும். அதனால் புதன்கிழமை காலை அவரிடம் இதைச் சொல்வதற்கு முன் மனதுக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கிரெய்ம் வேனின் பின்கதவில் உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' தின்றுகொண்டிருந்தார். உதட்டோரத்தில் தக்காளி சாஸ் வழிந்தது.

"கிரெய்ம், கொட்டகை வேலையில ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"ஏணிய அங்கயே விட்டுட்டு வந்துட்டியா?"

"இல்ல. எல்லாக் கேமராவுக்கும் சவுண்டு ஆன் ஆயிருக்கு. சாப்பாட்டு ரூமுக்கும் சேத்து."

"அவ்வளவுதானா? மூஞ்சியப் பாத்து யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"அடுத்தவங்க பேசறத அவங்களுக்குத் தெரியாமப் பதிவு பண்ணக் கூடாது. இந்த மாநிலத்துல அது குத்தம். நேத்து கிளாஸ்ல..."

"லெய்மோ, கிளாஸ்ல சொல்றதையெல்லாம் நான் செய்ய ஆரம்பிச்சேன்னா கடைய மூடிட்டு மீன் புடிக்கப் போக வேண்டியதுதான்." எல்லார் பெயரையும் கத்தரித்துப் பின்னால் ஓர் 'ஓ' ஒட்டுவது அவர் வழக்கம். "நல்லதாப் போச்சு, நீயே பேச்செடுத்துட்ட. காலைலதான் கோரல் போன் பண்ணா. சாப்பாட்டு ரூம் சவுண்டுல ஏதோ தகராறாம். போய் என்னன்னு பாரு."

அவளுக்கு நெஞ்சு லேசானது. மேலாளர் கோரலே கண்டுபிடித்துப் புகார் சொல்லிவிட்டாள். போய் மன்னிப்புக் கேட்டு, டிக்கை எடுத்துவிட்டு வந்தால் முடிந்தது. வேனை ஓட்டிக்கொண்டு போகும்போது அந்த மன்னிப்பையும் ஒருமுறை ஒத்திகை பார்த்தாள்.

கொட்டகையின் பின்புறம்தான் வண்டி நிறுத்துமிடம். கழித்துப் போட்ட தக்காளியும் குடைமிளகாயும் அங்கே பெரிய இரும்புத் தொட்டியில் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. மேல் தோல் வெடித்து, நுரைத்து, புளித்த சாறு தொட்டியின் ஓட்டை வழியாக ஒழுகிச் சிமெண்டில் சிவப்பாகக் காய்ந்திருந்தது. ஈக்கள் பாய் விரித்ததுபோல் உட்கார்ந்திருந்தன. அந்த நாற்றத்தில் ஒருவன் முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தான். போன வாரம் வந்தபோது அவனைப் பெட்டி அடுக்கும் இடத்தில் பார்த்த ஞாபகம் அவளுக்கு.

மேலே கோரலின் அலுவலகத்தில் வேறொரு வாசனை. சுவரில் செருகியிருந்த வாசனைக் குப்பி வெனிலாவைக் கக்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து வந்த அழுகல் அதோடு கலந்து, கெட்டுப்போன கேக்கை முகர்ந்த மாதிரி இருந்தது.

"வா கண்ணு, வா வா. லாமிங்டன் எடுத்துக்கோ. நானே செஞ்சது."

கோரலுக்கு அறுபது வயதிருக்கும். நகங்களில் இளஞ்சிவப்புப் பூச்சு, கழுத்தில் சிலுவை. சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக் துண்டை அவளே ஒன்று எடுத்துக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் கோரல். அது என் தப்புதான். சவுண்ட நான் ஆன் பண்ணியிருக்கவே கூடாது. இப்பவே..."

"தப்பா? என்ன செல்லம் சொல்ற? நீ பண்ணதுலயே உருப்படியான காரியம் அது ஒண்ணுதான்!" கோரல் நாற்காலியை இழுத்துத் திரையைத் திருப்பினாள். "என் பிரச்சினை, சரியாக் கேக்க மாட்டேங்குது. தண்ணிக்குள்ள தவளை கத்தற மாதிரி இருக்கு. இதக் கேளு."

திரையில் சாப்பாட்டு அறை, முந்தைய நாள் ஒன்றின் பதிவு. மேலிருந்து பார்க்கும் கோணம். நீல வலைத்தொப்பி போட்ட தலைகள் வட்டமாகக் குனிந்திருந்தன. யாருடைய முகமும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு முணுமுணுப்பு, அதற்கு மேல் தக்காளி ஓடும் பெல்ட்டின் இரைச்சல்.

லெய்மாஸுக்கு உடனே புரிந்தது. காலை ஸ்மோக்கோ, பத்து மணித் தேநீர் இடைவேளை. வனுவாட்டுவிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள் தேநீருக்கு முன் ஜெபம் செய்கிறார்கள். அவளுடைய அம்மாவின் சபையிலும் இப்படித்தான். ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, தன் கஷ்டத்தை எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டு அந்த வாரம் முழுதும் அவருக்காக ஜெபிப்பார்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டால் யாரும் உதவ முடியாது என்பது அவர்கள் கணக்கு.

"மொதல்ல ஏதோ பாட்டுன்னு நெனச்சேன்," என்றாள் கோரல். "அப்புறம்தான் பாத்தா தினமும் வரிசையா நின்னு ஒப்பிக்கறாங்க. நான் இன்னார், எனக்கு இது வலிக்குது, எனக்கு அது புடிக்கல. பாதிக்குப் பாதி நம்ம இங்கிலீஷ் வார்த்தைதான், கூர்ந்து கேட்டா கொஞ்சம் புரியுது. பதினோரு வருஷமா ஆளுங்கள மேய்க்கறேன், இப்படி ஒரு தகவல் எனக்குக் கிடைச்சதே இல்ல. கருத்துப் பெட்டின்னு ஒண்ணு வெச்சேன். அதுல என்ன போட்டாங்க தெரியுமா? சப்பித் துப்பின சூயிங்கம்!" சிரித்தாள். பல்லில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. "ஒருத்தன் வேற பண்ணைக்குப் போகணும், வழி காட்டு ஆண்டவரேன்னு கேட்டான். ஆண்டவருக்கு நேரமில்ல, நானே வழி காட்டிட்டேன். அழுகல் தொட்டிக்கு."

லெய்மாஸுக்கு மண்வெட்டிக்காரன் ஞாபகம் வந்தது.  

"இப்ப இது நேத்து உள்ளது. இதத்தான் நீ கேக்கணும். நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே?"

ஒரு பெண் குரல். முதல் இரண்டு வார்த்தைகள் இரைச்சலில் போயின. பெயர் வர வேண்டிய இடம் அது. ஆனால் லெய்மாஸுக்குப் பெயர் தேவைப்படவில்லை. மெரியன். ஒவ்வொரு ஞாயிறும் சபை முடிந்து அம்மாவோடு வீட்டுக்கு வந்து, அரைத்த கிழங்கை வாழையிலையில் பொதிந்து லாப்லாப் வேகவைக்க உதவி செய்பவள். போன ஞாயிறு இலையை மடிக்கும்போது இடது கையால் மடித்தாள். லெய்மாஸ் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை.

அந்தக் குரல் சொன்னது இதுதான்: "அப்பா, இந்த வலது மணிக்கட்டு ராத்திரியெல்லாம் எரியுது. காலைல விரல் மரத்துப்போகுது. பெல்ட்ட நிறுத்தச் சொல்லி நான் கேக்கல. சீசன் முடியற நவம்பர் வரைக்கும் இந்தக் கையத் தாங்கிப் புடி. ஊர்ல புயல்ல போன வீட்டுக் கூரை இன்னும் போடல."

கோரல் படத்தை நிறுத்தினாள். "கைங்கறா, வலிங்கறா. அதுவரைக்கும் எனக்கே புரியுது. யாரு இவ?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எதுக்கா? கை போன ஆளு டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஊருக்கு அனுப்பிட்டா அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. டாக்டர்கிட்ட போயிட்டான்னா அது வேலையில பட்ட அடி ஆயிடும், நம்ம தலையில விழும்." கோரல் விரலில் ஒட்டிய சாக்லேட்டை நக்கினாள். "நானும் சபைக்குப் போறவதான் கண்ணு. அவ கஷ்டப்படறதப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"சரியாக் கேக்கல கோரல். யாருன்னு தெரியல."

பொய் வந்த வேகம் அவளையே ஆச்சரியப்படுத்தியது.

"அதுக்குத்தானே உன்னக் கூப்பிட்டேன்! கேக்கற மாதிரி பண்ணு. இன்னும் கொஞ்ச நேரத்துல மறுபடி வந்து நிப்பாங்க."

டிக்கை எடுக்கக் கொண்டுவந்த தன் மடிக்கணினியை லெய்மாஸ் திறந்தாள். ஒன்பதாவது கேமராவின் அமைப்புப் பக்கம். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டம். வாசலில் லாரி உறுமல் ஏறாமலிருக்க அவள் வைத்த இரைச்சல் வடிகட்டி இங்கே பேச்சையும் சேர்த்து அரித்துத் தின்றுகொண்டிருந்தது. மைக்கின் அளவு அதிகம், அதனால் பெல்ட் சத்தம் உடைந்து மற்றதை மூடியது. ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்குத்தான் இருந்தது, இரண்டு படி ஏற்றலாம். ஏற்றினால் படத்துக்கான அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகையின் பழைய கம்பி தாங்காது. சாப்பாட்டு அறையில் யாரும் ஓடப் போவதில்லை, நொடிக்குப் பத்துப் படம் போதும்.

கோரல் தோள்மேல் குனிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். லெய்மாஸின் விரல்கள் வகுப்பில் பழகிய வரிசையிலேயே நகர்ந்தன. வடிகட்டியை அணைத்தாள். மைக்கைக் குறைத்தாள். தரத்தை ஏற்றினாள். படத்தைக் குறைத்தாள். சேமித்தாள்.

ஒலிபெருக்கியில் காலி அறை திறந்துகொண்டது. குழாயிலிருந்து சொட்டு விழும் சத்தம். குளிர்பெட்டியின் முனகல். தூரத்தில் பெல்ட், மழை பெய்வதுபோல, தனியாக.

"அடேங்கப்பா! பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கே!"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, லெய்மாஸுக்குப் பெருமையாக இருந்தது. சரியாகச் செய்துவிட்டோம் என்கிற அந்தப் பழக்கமான சின்னச் சூடு. மறு நொடி அது போயிற்று. தட்டிலிருந்த கேக்கைப் பார்த்தாள். தேங்காய்த் துருவல் வெள்ளைப் புழுக்களாக நெளிவதுபோல் இருந்தது. நான் செய்தது என்ன? செய் என்று சொன்னதும் செய்தேன். ஏன் செய்தேன்? எப்படிச் செய்வதென்று தெரிந்திருந்ததால்.

"கேமரா கொஞ்சம் ஆடுது," என்றாள். "கீழ போய் முடுக்கிட்டு வரேன்."

"சீக்கிரம் முடுக்கிட்டு வா. உக்காந்து சேந்து கேக்கலாம். நீ எனக்கு அர்த்தம் சொல்லு."

சாப்பாட்டு அறையில் ஏணியைச் சாத்தி ஏறினாள். கேமரா ஆடவே இல்லை. அரைக்கோளக் கண்ணாடிக்குக் கீழே ஊசி முனையளவு ஒரு துளை. அதுதான் மைக். இவ்வளவு சின்னத் துளைக்குள் இத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள். இறங்கி, போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாலை டிக்கை எடுத்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாம். ஆனால் கோரல் தோள்மேல் குனிந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

பெல்ட் நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். ஈரக் கையுறைகளைக் கழற்றியபடி, குடைமிளகாய் வாசனையோடு.

"ஏய் தங்கச்சி! எங்கள படம் புடிக்கறியா?" என்றார் தாரி மாமா. வனுவாட்டுவின் பெந்தெகொஸ்தே தீவுக்காரர், இந்தக் கூட்டத்துக்கு ஜெபம் நடத்துபவர். "எனக்கு இடது பக்கம்தான் அழகு. வலது பக்கத்த என் பொண்டாட்டியே பாக்க மாட்டா."

"இடதும் அப்படி ஒண்ணும் இல்ல மாமா," என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மெரியன் தேநீர்க் கோப்பையை இடது கையில் எடுத்துக்கொண்டு ஏணியின் கீழே வந்து நின்றாள். "அம்மா எப்படி இருக்காங்க? இந்த ஞாயித்துக்கிழமை கிழங்கு நான் கொண்டுவரேன்னு சொல்லு."

லெய்மாஸ் தலையாட்டினாள். வாயைத் திறக்கவில்லை. மேலே ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தாரி மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினார். தலைகள் குனிந்தன. "அப்பா, இந்தக் காலைக்காக நன்றி..." லெய்மாஸ் கட்டைவிரலை அந்தத் துளையின் மேல் வைத்து அழுத்தினாள். அது எதையும் மறைக்காது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். அதையும் மேலே இருப்பவள் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் ஆள் தன் பெயரைச் சொன்னான். அம்மாவின் ரத்தக் கொதிப்பைச் சொன்னான். அடுத்து மெரியன். அவள் மூச்சை இழுப்பது ஏணி மேலிருந்தே கேட்டது.

"நிறுத்துங்க!"

ஜெபத்தின் நடுவில் குறுக்கே பேசுவது அவர்களிடையே கிடையாது. குழந்தைகூடச் செய்யாது. எல்லாக் கண்களும் திறந்தன. தாரி மாமாவின் முகம் கறுத்தது. "என்ன பழக்கம் இது, பொண்ணே?"

லெய்மாஸ் கேமராவின் பின்னால் கைவிட்டு இணைப்புக் கம்பியை உருவினாள். பச்சை விளக்கு அணைந்தது. ஏணியில் நின்றபடியே, அவர்கள் மொழியில், வரிசையாகச் சொன்னாள். போன புதன் இது மாட்டியது. ஒலி போட்டது அவள் தவறு. மேலே கோரல் ஜெபத்தைக் கேட்கிறாள். தினமும் கேட்டிருக்கிறாள். யார் எதற்கு ஜெபித்தார்கள் என்று பார்த்து ஆளை வேறு வேலைக்கு மாற்றுகிறாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது.

 தாரி மாமாதான் முதலில் பேசினார்: "அப்ப கோரலம்மா நம்ம ஆராதனைக்கு நாலு நாளா வர்றாங்க. ஒரு நாள்கூடக் காணிக்கை போடலியே."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு பெண், கெட்டதைத் தின்றவள்போல, மேலங்கியின் ஓரத்தால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். வாசலில் மண்வெட்டிக்காரன் நின்றிருந்தான். முழங்கை வரை சிவப்பு அழுகல். "அதான் என்ன அங்க தூக்கிப் போட்டாளா?" என்றான். "நான் ஆண்டவர்தான் என்னச் சோதிக்கறார்னு நெனச்சேனே. ராத்திரியெல்லாம் மன்னிப்புக் கேட்டேனே." வெளியே போய்க் காறித் துப்பினான். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மெரியன் மட்டும் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னோடதும் கேட்டாளா?"

"கேட்டா. கை வலின்னு புரிஞ்சிருக்கு, டாக்டர்கிட்ட போறதுக்குள்ள ஊருக்கு அனுப்பிடணும்னு பாக்கறா. யாருன்னு தெரியல. பேரு சத்தத்துல போயிடுச்சு."

"உன்கிட்ட கேட்டாளா?"

"கேட்டா. சொல்லல."

"இன்னிக்குச் சத்தம் தெளிவா வெச்சது யாரு?"

லெய்மாஸ் ஏணியிலிருந்து இறங்கினாள். "நான்தான்."

மெரியன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"யாரும் வாயத் தொறக்காதீங்க," என்றார் தாரி மாமா. "அவளுக்குப் பேர் தெரியாது. நாளைலேர்ந்து நாம எல்லாருமே வலது மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டு நடப்போம். எந்தக் கைய ஊருக்கு அனுப்புவா, பாப்போம்."

"வேணாம் மாமா." மெரியன் கோப்பையை மேஜையில் வைத்தாள். "பெல்ட் பக்கத்துல வந்து நின்னு பாத்தாலே தெரிஞ்சுடும். அவ என்னக் கண்டுபுடிச்சு, ஒரு நாள் காலைல பெட்டியக் கட்டுன்னு சொல்றதுக்கு நான் காத்துக்கிட்டு இருக்கவா? அவ வர்றதுக்கு முன்னாடி நானே அவகிட்ட போறேன். லெய்மாஸ், நீ வா. நான் சொல்றத அவளுக்குச் சொல்லு. நான் சொல்றத மட்டும்."

படிக்கட்டில் பாதி வழியிலேயே கோரல் எதிரே வந்தாள். "படமே போச்சே கண்ணு! கம்பி கழண்டுடுச்சா?"

"நான்தான் கழட்டினேன்," என்றாள் லெய்மாஸ். "இவங்க உங்ககிட்ட பேசணுமாம்."

மெரியன் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு வீங்கி, தோல் பளபளவென்று இழுத்திருந்தது. லெய்மாஸ் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். என் கை. உங்கள் பெல்ட்டில் வேலை செய்ததால் வந்த வலி. ஜூலையிலிருந்து இருக்கிறது. டாக்டரைப் பார்க்க வேண்டும். வேலையில் வந்த காயம் என்று இன்றே பதிவு செய்யுங்கள்.

கோரலின் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு இரக்கம் வந்தது. விளக்குப் போட்டதுபோல் வந்தது.

"அடப் பாவமே! என் செல்லமே! முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க என்ன அந்நியரா? எங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்த வீங்கிய கையை எடுத்து, இளஞ்சிவப்பு நகங்களால் மெதுவாகத் தடவினாள். நகத்தின் ஓரத்தில் சாக்லேட் இன்னும் இருந்தது.  லெய்மாஸ் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டு, கேட்காததுபோல் இப்படி உருகத் தெரிந்தவளுக்குக் கேமரா எதற்கு என்று தோன்றியது.

"நீ கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய் ஓய்வெடு, என்ன?"

"எந்த வீட்டுக்கு?" என்று மெரியன் கேட்கச் சொன்னாள்.

"உன் வீட்டுக்குத்தான் கண்ணு. தீவுக்கு. புள்ளைங்கள எல்லாம் பாத்த மாதிரி இருக்கும்."

மெரியன் கையை உருவிக்கொண்டாள். "டாக்டர் சொல்லட்டும்."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

லெய்மாஸ் மேலே போய் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். இந்த முறை நகல் எடுக்கும் பொத்தானைத் தொடவில்லை. வாசல் கேமராவை விட்டுவிட்டு மற்ற ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதிவுக்கான அமைப்பில் 'படமும் ஒலியும்' என்றிருந்ததைப் 'படம் மட்டும்' என்று மாற்றினாள். கைபேசியில் பார்ப்பதற்கான துணை அமைப்பிலும் மாற்றினாள். மைக்கை அணைத்தாள். சேமித்தாள். மறுபடி திறந்து, மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். அடுத்தது.

கோரல் கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தாள். குரலில் இனிப்பு வடிந்துபோயிருந்தது. "நீ போனப்புறம் நானே ஆன் பண்ணிக்கலாம்ல? ஒரு டிக்குதானே?"

"பண்ணிக்கலாம். ஆனா இப்ப கீழ எல்லாருக்கும் தெரியும்."

கோரல் கைபேசியை எடுத்துக் கிரெய்மை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தாள். பாதி கேட்டதுமே கிரெய்ம் கத்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா லெய்மோ? அவங்ககிட்ட போய் ஏன் சொன்ன?"

"காலைல உங்ககிட்டயும் சொன்னேன்."

 கிரெய்மின் குரல் தாழ்ந்தது. "சரி, இப்படிச் செய். இதுவரைக்கும் பதிவானது எல்லாத்தையும் அழிச்சிடு. சாப்பாட்டு ரூம் சவுண்டே இருந்ததில்ல. நீயும் நானும் தப்பிச்சோம். கோரலும் தப்பிச்சா."

கோரல் வேகமாகத் தலையாட்டினாள். சற்று முன்பு தேன்போல் இருந்த பதிவு இப்போது அவளுக்கு மலம்போல் ஆகிவிட்டது. அழிப்பதற்கான பொத்தான் சிவப்பில் இருந்தது. லெய்மாஸ் அதைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். அழித்தால் அவர்களுடைய ஜெபம் இந்த வெனிலா நாறும் அறையிலிருந்து போய்விடும். அது நல்லதுதான். ஆனால் கோரல் கேட்டாள் என்பதும் கூடவே போய்விடும். எது சரி என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"அத நான் முடிவு பண்ண முடியாது," என்றாள். "கேட்டுட்டுச் சொல்றேன்."

"யார்கிட்ட கேக்கணும்? முதலாளி நான் சொல்றேன்!"

"பேசினவங்ககிட்ட."

"அப்ப உன் வேலை நேரத்துக்கு நான் கையெழுத்துப் போடுவேன்னு எதிர்பாக்காத."

ரெக்கார்டரில் பதிவானதை அழிக்கத் தேவையான, நிறுவுபவரின் கடவுச்சொல் அவளிடம் மட்டும்தான் இருந்தது. அது இல்லாமல் கோரலால் எதையும் அழிக்க முடியாது. மடிக்கணினியை மூடி, பையில் வைத்தாள். கோரலின் தட்டில் அவளுக்கென்று வைத்த துண்டு அப்படியே இருந்தது. அதன் மேல் ஓர் ஈ.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாள். கட்டைவிரலை மட்டும் தனியாகத் தேய்த்துக் கழுவினாள். அம்மா வேலையிலிருந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டு, "ஜெபத்துல குறுக்க பேசினியா?" என்று முதலில் அதைத்தான் கேட்டாள். பிறகு மெரியனை டாக்டரிடம் கூட்டிப்போகத் தன் கார்ச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். சாயங்காலம் தாரி மாமா அழைத்தார். பதிவை இப்போதைக்கு அழிக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை தொழிலாளர் சங்கத்திலிருந்து ஓர் ஆள் வந்து பார்க்கிறார் என்றார். மண்வெட்டிக்காரன் நாளை வேலைக்கு வர மாட்டான், யாராலும் அவனைத் தேற்ற முடியவில்லை என்றும் சொன்னார்.

செப்டம்பர் 10, புதன். ஒலியை எல்லா இடத்திலும் அணைத்தாயிற்று, வாசல் தவிர. ஒன்பதாவது கேமராவின் கம்பியை நான் திரும்பச் செருகவில்லை. அது சரியா என்று தெரியவில்லை. இன்று அந்த ஒலியைத் தெளிவாக்கியது நான்தான் என்பதை எப்படி எழுதினாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது, அதனால் ஒரு முறைதான் எழுதுகிறேன்.

நாளை காலை எட்டு மணிக்கு மெரியனை விடுதியிலிருந்து ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். அவள் சொல்வதை மட்டும் சொல்ல வேண்டும். வேலையில் வந்தது என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். அது முடிந்ததும் கிரெய்மிடம் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.